கூட்டிருக்க ஒருத்தி

"ஒங்க சேச்சி வெந்நீர் வாங்கான் போயிருக்கு, இப்ப வரும்" என்று நர்ஸ் ராகேல் குனிந்து சொன்னபோது வடிவம்மாளுக்கு முதலில் வந்தது பயம் அன்று, வெட்கம். தான் சொன்ன பொய்யை நல்ல மனிதர்கள் நம்பிவிட்டார்களே என்ற வெட்கம். ராகேலின் வெள்ளைக் காலணிகள் அடுத்த கட்டிலை நோக்கி ஓசையெழுப்பிக்கொண்டு போன பிறகே, தனக்கு அக்காள் என்று ஒருத்தி இவ்வுலகில் இல்லை என்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

அது 1974ஆம் ஆண்டின் இடவப்பாதி மழைக்காலம். சுசீந்திரத்திலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த வடிவம்மாளுக்கு முப்பத்தெட்டு வயது, மணமாகவில்லை, தம்பானூருக்குப் பின்புறம் ஒரு பெண்கள் விடுதியில் வாசம். கருப்பையில் கட்டி, எட்டு மாதமாக நிற்காத உதிரப்போக்கு. நான்கு மாதம் காத்திருந்து கிடைத்த அறுவைச் சிகிச்சைத் தேதி இந்தத் திங்கட்கிழமை. கூட்டிருக்க வருவதாக இருந்த அண்ணன் தாணுமாலயனின் மனைவிக்குப் பேறுகால வேதனை கண்டுவிட்டது. 'வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு வந்துவிடுவேன், தேதியைத் தள்ளிப் போட்டுக்கொள்' என்று கார்டு எழுதியிருந்தார். தள்ளிப் போட்டால் இன்னொரு நான்கு மாதம். அவ்வளவு இரத்தம் தன் உடம்பில் மிச்சமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

கூட்டிருக்க ஆள் இல்லாமல் எந்த நோயாளியையும் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டு போவதில்லை என்பது அந்த ஆஸ்பத்திரியின் சட்டம். மருந்து வாங்க, கஞ்சி கொண்டுவர, இரவில் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ள, ஒருவர் வேண்டும். அலுவலகத்தில் ஒருநாள் விடுப்புக்குக்கூடப் பொய் சொல்லியறியாத வடிவம்மாள், அன்று காலை ஆஸ்பத்திரிக் குமாஸ்தா கேட்டபோது, அக்காள் வந்திருக்கிறாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னாள். பெயரென்ன என்றார். வாய்க்கு வந்த பெயரைச் சொன்னாள். உலகம்மாள். அவர் எழுதிக்கொண்டார்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டவர்கள் ஒரு பகலும் ஓர் இரவும் தலையணையின்றி, தலையைத் தூக்காமல், மல்லாந்தே கிடக்க வேண்டும். தூக்கினால் தீராத தலைவலி வந்துவிடும் என்று ராகேல் எச்சரித்திருந்தாள். ஆகையால், அறுவை முடிந்து வார்டுக்கு வந்ததிலிருந்து அவளுடைய உலகம் சுண்ணாம்பு உரிந்த கூரையும், மெல்லச் சுழன்ற மின்விசிறியும், வலது கண்ணோரத்தில் மழை வழிகிற சன்னலும், இடது கண்ணோரத்தில் அடுத்த கட்டிலில் இருந்த மார்த்தாண்டத்துக்காரி சற்குணமுமாகச் சுருங்கியிருந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. போர்வைக்கடியில் இரண்டு கால்கள் மேடு கட்டியிருந்தன. அவை தன்னுடையவை என்று நம்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

தலைமாட்டில் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ உட்கார்ந்தார்கள். டெட்டாலின் வாடையையும் ஈரத்துணி வாடையையும் விலக்கிக்கொண்டு, வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததும் சிமெண்டுத் தரையிலிருந்து எழும்புமே, அந்தக் குளிர்ந்த நெடி அவள் நெற்றியின்மேல் வந்து படிந்தது. பிறகு, தாகத்தால் வெடித்திருந்த அவள் உதடுகளில் நனைந்த பஞ்சு ஒன்று மிகப் பதமாக ஒற்றியது.

யாரோ புண்ணியவதி, வேறொரு நோயாளிக்குக் கூட்டிருக்க வந்தவள், இரக்கப்பட்டுச் செய்கிறாள் என்று வடிவம்மாள் எண்ணினாள். நன்றி சொன்னாள். தாங்கள் யார் என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"பேரு சொல்லி விளிச்சது நீதானே மக்கா" என்றது தலைமாட்டுக் குரல். "பேசாதே. தையல் பிரிஞ்சிரும்."

அன்று மாலை டாக்டர் வந்து போர்வையை விலக்கி அவள் உள்ளங்காலில் ஊசிமுனையால் கீறினார். வடிவம்மாளுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் பெருவிரல் துள்ளியது. விரல்கள் ஐந்தும் விரிந்து, ஒன்றன்பின் ஒன்றாக மடங்கின. கால் நன்றாக அசைகிறதே, கவலைக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டு டாக்டர் நகர்ந்தார். அசைத்தது நானல்ல என்று அவரிடம் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. பெரியவர்களை மறுத்துப் பேசிப் பழக்கமில்லை.

விளக்குகளை அணைத்த பிறகு ஸ்டூல் காலியாயிற்று. கட்டிலுக்கு அடியில் கோரைப்பாய் உதறி விரிக்கப்பட்டது. வார்டு முழுவதும் அப்படித்தான். கட்டிலுக்குக் கட்டில் கீழே ஆட்கள் படுத்திருந்தார்கள், இருமினார்கள், கொட்டாவி விட்டார்கள். அவளுக்குக் கீழே மட்டும் மூச்சுச் சத்தம். அது தன் மூச்சோடு சேர்ந்தே ஏறி இறங்குவதை அவள் கவனித்தாள். பரீட்சித்துப் பார்ப்பதற்காக மூச்சை அடக்கினாள். கீழேயும் அடங்கியது. நெஞ்சு வெடிக்கும்வரை அடக்கிவிட்டு மெல்ல விட்டாள். கீழேயும், மெல்ல.

செவ்வாய்க்கிழமை தலையணை வைக்க அனுமதி கிடைத்ததும் முதல் வேலையாகத் தலைமாட்டைத் திரும்பிப் பார்த்தாள். ஸ்டூல் காலி. குனிந்து அடியில் பார்க்க வயிற்றுத் தையல் இடம் தராது. சற்குணத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள்.

சற்குணம் தன் கட்டிலிலிருந்தே சாய்ந்து பார்த்தாள். "படுத்திருக்கு, பாவம். வயித்தைப் பொத்திப் பிடிச்சிட்டுல்லா கெடக்கு. ஒங்க அக்காவுக்குப் பேச்சே கெடையாதா? ரெண்டு மட்டம் கேட்டேன், சிரிச்சிட்டே இருக்கு. எனக்கு ஒரு நாத்தூனா வந்து வாய்ச்சிருக்கா, வாய மூடமாட்டா. நாம மாத்திக்கிடுவோமா?"

"முகம் எப்படி இருக்கு?"

"ஒங்கள மாதிரித்தான். அக்கா தங்கச்சின்னா பின்ன எப்பிடி இருக்கும்?"

அப்போதுதான் வடிவம்மாள் தன் வயிற்றில் வலி இல்லை என்பதை உணர்ந்தாள். விடிகாலையில் பல்லைக் கடிக்கவைத்த வலி. எங்கே போயிற்று அது?

புதன்கிழமை காலை கால்களுக்கு உணர்வு திரும்பியது. முதலில் குதிகால். அவள் கண்களில் நீர் துளிர்த்தது. சுசீந்திரத்துத் தாணுமாலயப் பெருமாளுக்கு மனத்துக்குள் வெண்ணெய் நேர்ந்தாள். பிறகு, அந்தக் குதிகால்கள் எதன்மேல் இருக்கின்றன என்று யோசித்தாள். அவள் கண்ணெதிரே கால்கள் மெத்தையின்மேல், இளம்பச்சை விரிப்பின்மேல் நீட்டிக் கிடந்தன. குதிகால் உணர்ந்ததோ சொரசொரப்பான கோரையை. கோரை முடிந்த இடத்தில் ஈரச் சிமெண்டை. ஓர் எறும்பு கணுக்காலில் ஏறியது. மெத்தையில் கிடந்த கணுக்காலைக் கண்ணால் பார்த்தாள். அதில் எறும்பு இல்லை.

ராகேலின் கையைப் பற்றிக்கொண்டு உண்மையைச் சொன்னாள். எனக்கு அக்காவே கிடையாது, சிஸ்டர். நான் பொய் சொல்லிவிட்டேன். அவளை வெளியே அனுப்பிவிடுங்கள். என் பெயரை வெட்டினாலும் சரி, வீட்டுக்கு அனுப்பினாலும் சரி. தவறு முழுவதும் என்னுடையது.

ராகேல் கோபப்படவில்லை. போர்வையை இழுத்து ஒழுங்காக்கினாள். "சேச்சி நேத்தே எங்கிட்ட சொன்னு, ஒங்களுக்குள்ள பெணக்கமாக்கும்னு. அக்கா இல்லேன்னு சொல்லும், கேட்டுக்கிடாதீங்கன்னும் சொன்னு. ராவும் பகலும் உறங்காம இருக்குது அது. இப்பிடிப் பறையலாமா?"

இனி ஒரே நம்பிக்கை அண்ணன். பிறந்தது இரண்டே பேர் என்று அறிந்தவர் அவர் ஒருவர்தான். வியாழக்கிழமை நாலு மணி. அதுவரை கீழே இறங்கிவிடாமல், மேலே, கட்டிலிலேயே இருந்துவிட வேண்டும். அவ்வளவுதான். அவ்வளவு போதும்.

புதன்கிழமை மாலைக்குள் இடுப்பும் பாய்க்கு இறங்கிவிட்டது. இரவில் முதுகு. கோரையின் ஒவ்வொரு வரியும் விலா எலும்பில் பதிந்தது. வயிற்றில் வலி திரும்பிவந்தது. ஆனால் கீழிருந்து வந்தது, தரையில் கிடந்த ஒரு வயிற்றிலிருந்து. மேலே கிடந்த உடம்பு இதமாக, வெதுவெதுப்பாக, யாருடையதோபோல உறங்கியது. அவள் உறங்கவில்லை. இரண்டு கைகளாலும் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பற்றிக்கொண்டாள்.

வியாழன் மத்தியானம் மழை வலுத்தது. வார்டு முழுவதும் கஞ்சி குடித்துவிட்டுக் கண்ணயர்ந்தது. சன்னல் வெளிச்சம் சாம்பல் நிறமாயிற்று. மூன்று மணி. இடது கையில் இரும்பின் குளிர்ச்சி தெரியவில்லை. விரல்கள் பற்றியிருந்தன. பற்றியிருப்பது தெரியவில்லை. மூன்றேகால். வலது கை. கழுத்துவரை தரை. இனிக் கண்கள் மட்டும். கண்ணை மூடக் கூடாது. ஸ்டூல் இழுபட்டது. நனைந்த பஞ்சு உதட்டில் ஒற்றியது. பிறகு இமையின்மேல் ஒற்றியது. நீர் கண்ணுக்குள் இறங்கியது. எரிந்தது.

இமைத்தாள்.

கூரை மிக அருகில் இருந்தது. சுண்ணாம்பு இல்லை. துரு. குறுக்கும் நெடுக்குமாக இரும்புப் பட்டைகள். அவற்றின் நடுவே பிதுங்கித் தொங்கும் மெத்தை. அதன்மேல் ஒரு கனம் புரண்டு படுத்தது. பட்டைகள் முனகின.

பார்வையாளர் நேரத்து மணி அடித்தது. வாசலில் நனைந்த செருப்புகள், குடைகள், வேட்டிக் கரைகள். ஒரு சோடிச் செருப்பு நேராகக் கட்டிலுக்கு வந்து நின்றது.

"ஒத்தையிலயாட்டி கெடந்தே?" அண்ணனின் குரல். "ஆம்பளப் பிள்ளை. ரெண்டுபேருக்கும் சொகந்தான். என்னால வர முடியாமப் போச்சே."

"இல்லண்ணே" என்றது மேலிருந்து ஒரு குரல். முப்பத்தெட்டு வருடமாக அவள் தொண்டையில் இருந்த குரல். "இந்த அக்கா கூட இருந்தாங்க. ஒரு கொறையும் வைக்கல. கீழ படுத்திருக்காங்க பாரு."

அண்ணே. நான். நான்தான். உதடுகள் அசைந்தன. ஓசை இல்லை. வறண்ட மூச்சு மட்டும்.

அண்ணன் முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்தார். அவருடைய முகம் தலைகீழாகக் கட்டிலுக்கடியில் இறங்கியது. மழைநீர் சொட்டும் நரைத்த மீசை. அவளைப் பார்த்தார். கண்ணோடு கண். ஒரு கணம் புருவம் சுருங்கியது. பிறகு, அந்நியப் பெண்ணொருத்தியை நெடுநேரம் பார்த்துவிட்ட கூச்சத்துடன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். கைகூப்பினார்.

"ரொம்ப உபகாரம் அம்மா. யாரு பெத்த பிள்ளையோ. நீங்க நல்லா இருக்கணும்."

முகம் மேலே போயிற்று.

கட்டில் அசைந்தது. போர்வை சரிந்தது. அவள் கண்ணெதிரே இரண்டு பாதங்கள் இறங்கித் தரையில் ஊன்றின. அவளுடைய பாதங்கள். அவை சற்று நேரம் அசையாமல் நின்றன. பிறகு வலது பாதம் பின்னுக்கு வந்து, அவள் நீட்டியிருந்த கைவிரல்களைப் பாயின் விளிம்புக்கு உள்ளே, மிகப் பதமாக, தள்ளிவிட்டது.