கைவிலங்குச் சாவி

புகையின் வாடை சரியில்லை.

திமிங்கிலக் கொழுப்பைக் காய்ச்சும் புகையை எனொக் வீடன் தூக்கத்தில்கூடக் கண்டுகொள்வான். தலைமயிர் பொசுங்குவது போன்ற நாற்றம் அது. ஒருமுறை ஒட்டிக்கொண்டால் வாரக்கணக்கில் சட்டையை விட்டுப் போகாது. பதினோரு வருடம் அதைச் சுவாசித்துத்தான் அவன் ஹெப்சிபா கப்பலின் துணைத்தலைவன் ஆனான். பனிப்பாளங்கள் மிதக்கும் பேரிங் கடலில், ஜூன் மாதத்தின் மறையாத சூரியனுக்குக் கீழே, இன்று மூன்று கறுப்புத் தூண்களாக எழுந்து நின்ற புகையில் அந்த நாற்றம் இருந்தது. கூடவே தாரும் பாய்த்துணியும் கருகும் வாடையும் இருந்தது.

"மூணு கப்பல்ல காய்ச்சுறானுங்க, நல்ல வேட்டை போல," என்றார் கேப்டன் தேயர். "கிட்டப் போவோம். வீட்டுக் கடுதாசி ஏதாவது வெச்சிருப்பானுங்க."

ஈட்டிக்காரன் அமரோ மூக்கைச் சுளித்தான். "கொழுப்பைக் காய்ச்சுறானுங்களா, கப்பலையே காய்ச்சுறானுங்களா?"

"உன் அசோர் தீவு மூக்குக்குப் பூண்டு வாசம் மட்டும்தான்டா தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனொக்கும் சிரித்தான். அப்போது அவன் காலுக்குக் கீழே பலகை அதிர்ந்தது.

டொக். டொக். டொக்.

அவன் தம்பி லெமுவேல். பத்தொன்பது வயது. முந்தாநாள் ஈட்டி பாய்ந்த திமிங்கிலம் படகை நோக்கித் திரும்பியபோது, பயந்துபோய்க் கோடரியால் ஈட்டிக்கயிற்றை அறுத்து அதைத் தப்பவிட்டான். வேறொருவன் என்றால் ஒரு நாள் சிறை. சொந்தத் தம்பி என்பதால், பாரபட்சம் என்று நாளை யாரும் வாய் திறக்கக் கூடாதென்று எனொக் மூன்று நாள் போட்டான். கேப்டன் அறைக்கு அடியிலுள்ள இருட்டுக் குழியில், இரும்பு வளையத்தோடு கைவிலங்கு. சாவி எனொக்கின் சட்டைப்பையில்.

மூன்று தட்டு அவர்களுடைய சின்ன வயசுப் பழக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவன் கேட்பது: முழிச்சிருக்கியா?

எனொக் கேப்டன் அறைக்குள் இறங்கிக் குழியின் மூடிமேல் குனிந்தான். "என்னடா?"

"எலி என் பூட்ஸைத் தின்னு முடிச்சிருச்சு அண்ணே. அடுத்தது நான்தான்."

"புகை தெரியுற கப்பலுக்குப் போய்ட்டு வந்து திறந்துவிடுறேன். அம்மா கடுதாசி வந்திருக்கும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்படியே ரொட்டி கொண்டா. புழு கம்மியா இருக்கற ரொட்டி."

புகையின் திசையிலிருந்து கப்பல் ஒன்று வந்தது. அதன் கொடிக்கம்பத்தில் ஹெப்சிபாவில் பறந்த அதே அமெரிக்க வடநாட்டுக் கொடி. வேட்டைக்கப்பல்கள் கடலில் சந்தித்தால் கேப்டன்கள் இருவரும் ஒரு கப்பலில் கூடுவார்கள், துணைத்தலைவர்கள் மற்றதில். தேயர் தங்கி, மேசையில் ரம் எடுத்து வைத்தார். எனொக் நான்கு துடுப்புக்காரர்களுடன் படகில் இறங்கினான்.

படகு பாதி வழி போனபோது, எதிரே வந்த கப்பலின் நடுவிலிருந்து, எந்தப் பாய்மர வேட்டைக்கப்பலிலும் இல்லாத ஒரு புகைபோக்கி எழுந்தது. கொடி இறங்கியது. வேறொன்று ஏறியது.

தெற்கத்திக்காரர்கள். நான்கு வருடமாக வடக்கோடு உள்நாட்டுப் போர் நடத்துகிறவர்கள்.

அவர்களுடைய இரண்டு படகுகள், துப்பாக்கிகள் நிறைந்து, எனொக்கைத் தாண்டி ஹெப்சிபாவை நோக்கிப் போயின. அவன் படகைத் திருப்பச் சொல்லிக் கத்தினான். ஒரு குண்டு முன்துடுப்புக்காரனின் தாடையைப் பிய்த்துக்கொண்டு போனது. மற்றவர்கள் துடுப்பைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினார்கள்.

எதிரியின் மேல்தளத்தில் அவனை மண்டியிட வைத்தார்கள்.

"ஐயா, சண்டை முடிஞ்சுபோச்சு. பேப்பர்லயே வந்திருச்சு," என்றான்.

"எங்களுக்கு யாரும் சொல்லலையே," என்றான் இளம் அதிகாரி.

"என் தம்பி கீழ விலங்குல கிடக்கான். சாவி என்கிட்ட இருக்கு. ஒரே ஒரு படகு குடுங்க. கால்ல விழறேன்."

அதிகாரி ஹெப்சிபாவின் பக்கம் திரும்பினான். அங்கே தேயர் திமிங்கிலத் துப்பாக்கியைத் தோளில் வைத்து நின்றார். முதலில் ஏறியவனின் மார்பில் அதன் குண்டு வெடித்தது. அவன் இரண்டாகத் தண்ணீரில் விழுந்தான். பிறகு எல்லாத் துப்பாக்கிகளும் ஒன்றாகச் சுட்டன. தேயர் சுக்கானைப் பிடித்தபடியே சரிந்தார்.

"படகு கிடையாது," என்றான் அதிகாரி.

ஹெப்சிபாவின் ஆட்களை வாளால் அடித்துப் படகுகளில் இறக்கினார்கள். அமரோ கடைசியாக வந்தான். வாய் முழுக்க ரத்தம், முன்பற்கள் இல்லை.

"சொன்னேன்... தம்பி கீழ இருக்கான்னு சொன்னேன். துப்பாக்கிக் கட்டையால வாயிலயே அடிச்சானுங்க."

ஹெப்சிபாவின் முன்பக்கத்தில் முதல் புகை. தார் வாடை.

தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது. சத்தம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு வந்தது. டொக். டொக். டொக். சற்றே இடைவெளி. மீண்டும் மூன்று. எனொக் பாய்ந்தான், நான்கு பேர் அவனைப் பிடித்து அமுக்கினார்கள். தட்டு வேகமெடுத்தது. எண்ண முடியாதபடி. பிறகு அறுநூறு பீப்பாய் எண்ணெயில் தீ பிடித்தது.

தட்டு நின்றது.

பிடிபட்ட எல்லாக் கப்பல்களின் ஆட்களையும் ஒரு கிழட்டு வேட்டைக்கப்பலில் அடைத்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பினார்கள். அடித்தளத்தில் இருநூறு பேர். எனொக் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நண்பகல், மேல்வாசல் வழியே வெயில் சதுரமாக விழுந்துகொண்டிருந்தது. அவன் பலகைமேல் காதை வைத்துப் படுத்திருந்தான்.

டொக். டொக். டொக்.

"அமரோ. நமக்குக் கீழ என்ன இருக்கு?"

"கல்லு. பாரத்துக்குப் போட்ட கல்லு. அப்புறம் கடல்." அமரோவின் குரல் தேய்ந்தது. "எனக்கும் கேக்குது."

தலைமயிர் பொசுங்கும் நாற்றம். யாரோ இருமினார்கள். பக்கத்தில் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். அவனைச் சுற்றிப் பலகை வெறுமையானது.

சட்டைப்பையில் சாவி சூடேறியது. துணி கருகியது. தோல் கருகியது. அவன் எடுக்கவில்லை.

மூன்று தட்டு.

தம்பிக்குப் போட்ட மூன்று நாள் முடிந்துவிட்டது என்பது அவனுக்கு நினைவு வந்தது.

விரல் நுழைத்துப் பலகையைப் பெயர்த்தான். நகங்கள் போயின. பலகை வந்தது. உள்ளே கல் இல்லை. கடல் இல்லை. இருட்டு.

இருட்டிலிருந்து இரண்டு கைகள் மேலே வந்தன. கரியாக. எண்ணெய் சொட்ட. மணிக்கட்டுகள் சேர்ந்தே இருந்தன, நடுவில் செக்கச் சிவந்த இரும்பு. பூட்டு இருக்கும் பக்கத்தை அவனிடம் திருப்பிக் காட்டிக்கொண்டு, அவை பொறுமையாகக் காத்திருந்தன.