கழுகு பார்த்த திசை

லிஃப்ட் ஏழாவது மாடியிலிருந்து இறங்கத் தொடங்கியதும் வில்மாவின் போன் அடித்தது.

"வில்மா... ஹார்லன் செத்துட்டாருடி." மறுமுனையில் தோழி டெனீஸ். "மேல, நம்ம காலேஜ் மியூசியத்துல, அவர் வேலை பார்த்த மேசையிலயே. கத்தியால குத்தியிருக்காங்க. பெட்டகம் காலி. அவர் விரல்ல மோதிரமும் இல்ல. போலீஸ் வந்தாச்சு..."

வில்மாவின் பார்வை எதிரே நின்றவனின் கைக்குப் போனது.

தள்ளாடினாள். முதுகு பட்டன்களில் இடித்தது.

லிஃப்ட் குலுங்கி நின்றது.

"என்னாச்சு மேடம்?" கோட்டு போட்டவன். தோளில் கனமான பை.

"கிழட்டு லிஃப்ட். அடிக்கடி மக்கர் பண்ணும்." போனை அணைக்காமலே பைக்குள் போட்டாள். "பழைய மாணவர் கூட்டத்துக்கு வந்தீங்களா தம்பி?"

"ஆமா. தொண்ணூத்தெட்டு பேட்ச்." மோதிர விரலை ஆட்டினான்.

இன்றைக்கு அந்த மோதிரம் போட்டவனின் பையை வாசலில் எவனும் சோதிக்க மாட்டான். தங்கம். ஓரமெல்லாம் ஓக் இலை. நடுவில் கழுகு. கல்லூரியின் மோதிர ஆபீஸில் இருபத்தாறு வருடமாக வில்மா மாணவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது அதைத்தான்.

"கழுகு உங்களைப் பார்க்குதே?"

"நல்லாயிருக்குல்ல?"

"படிக்கிற வரைக்கும்தான் அது நம்ம நெஞ்சைப் பார்க்கணும். பட்டம் வாங்கின மேடையிலயே திருப்பிப் போடுவோம். அப்புறம் அது உலகத்தைப் பார்க்கணும். இங்க படிச்ச எவனும் இதை மறக்க மாட்டான்."

அவன் சிரிப்பு அணைந்தது. பைக்குள்ளிருந்து கத்தி வந்தது.

"ரொம்பப் பேசிட்டீங்க. நகரக்கூட இடமில்ல, பார்த்தீங்களா?"

உண்மைதான். இரும்புச் சுவர். மூடிய கதவு. அவன் மூச்சு முகத்தில் சுட்டது.

"என்னைக் குத்திட்டு எங்க போவ? பொணத்தோட இதுக்குள்ளதான் நிக்கணும். என் ஃப்ரெண்டு டெனீஸ் போன்ல எல்லாத்தையும் கேட்டுட்டிருக்கா."

கத்தி முனை கழுத்தைத் தொட்டது... தயங்கியது.

தலைக்கு மேல் தகடு திறந்தது. இரண்டு துப்பாக்கிகள்.

"கத்தியைக் கீழ போடு!"

போட்டான்.

சார்ஜன்ட் ப்ரூயிட் குதித்து இறங்கினார். "நல்லவேளை, லிஃப்ட் மக்கர் பண்ணுச்சு. கீழ போயிருந்தா கூட்டத்துல கலந்திருப்பான்."

வில்மா பட்டன்களை விட்டு விலகினாள். அவள் முதுகு மறைத்திருந்த சிவப்பு பட்டன், அமுங்கியே கிடந்தது.

"மக்கர் பண்ணல சார்ஜன்ட். மோதிரத்தைப் பார்த்ததுமே நான்தான் நிறுத்தினேன்."

ப்ரூயிட் விலங்கை எடுத்தார்.

"கவலைப்படாதப்பா," என்றாள் வில்மா அவனிடம். "இந்த விலங்கை எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் சரிதான்."