நிமிர்ந்து நிற்கும் வேலை

பாப்பா கைக்கு அகப்படுவதற்குள் எடுத்துவிட வேண்டுமே என்று, விழுந்த சேஃப்டி பின்னைத் தேடித் தரையில் இரண்டு கைகளையும் ஊன்றிய சத்யப்ரியாவுக்கு, இடுப்பு வலிக்கவில்லை.

அதெப்படி? மாசி வீதி ஜவுளிக்கடையில் ஆறு வருடமாக நின்றுகொண்டே சேலை விரித்த இடுப்பு அது. உட்கார ஒரு முக்காலிகூடப் போடாத பாழாய்ப்போன கடை. வாரலீவு நாளில்கூட வலி விட்டதில்லை.

வில்லாபுரம் ஏரியாவுக்கே கரண்ட் போயிருந்தது. இருட்டத் தொடங்கிய சமையலறையில் தரையில் வைத்த மண்ணெண்ணெய் ஸ்டவ் உஸ்ஸென்று இரைய, உலைச்சோறு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன் முத்திருளன், விலங்கியல் வாத்தியார், மெழுகுவத்தி வெளிச்சத்தில் டியூஷன் நடத்திக்கொண்டிருந்தான்.

"மனுசங்களுக்கு மூளை பெருத்தது பின்னாடிதான்டா. மொதல்ல நிமிந்து நடந்தாக. கை ரெண்டும் விடுபட்டுச்சு, பிள்ளையத் தூக்கிக்கிட்டு எம்புட்டுத் தூரமும் போகலாம். அதுக்குக் கூலிதான் இந்த இடுப்பு வலி."

யார் இவர்களை நிமிரச் சொன்னது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. இப்படியே கொஞ்ச நேரம் கிடப்போம் என்று தலையைத் தொங்கப்போட்டாள். ஈரச் சாக்கு, எறும்பு, பாப்பா குடித்த பால், திரைக்கு அப்பால் ஒவ்வொரு டியூஷன் பிள்ளையின் பாதமும் தனித்தனியாக மணத்தது. பயந்துபோனாள்.

போன மாதம்தான் நடை பழகிய பாப்பா தத்தித் தத்தி வந்து கைகளை உயர்த்தியது.

"ம்மா, தூக்கு."

"இந்தா தங்கம்."

கை தரையை விட்டு வரவில்லை. மறுபடி இழுத்துப் பார்த்தாள். முதுகு நிமிர மறுத்தது.

"ஏங்க, இங்க வாங்களேன்!"

"இரு, வாரேன்."

பாப்பா காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. ஸ்டவ்வின் நீலத் தீயைப் பார்த்துச் சிரித்தது. அதை நோக்கி நடந்தது.

"பாப்பா, வேணாம்டி!"

வார்த்தை பாதியில் குழறியது. பாப்பா உலைப்பானைக்குக் கை நீட்டியது.

ஐயோ, என் பிள்ளை.

பாய்ந்தாள். கைகள் ஓடத்தான் செய்தன. தூக்கவில்லை. வேறு வழியில்லை. வாயைத் திறந்தாள். பிடரி. இளஞ்சூடு. பவுடர் ருசி. கவ்வினாள்.

முத்திருளன் மெழுகுவத்தியோடு திரையை விலக்கினான். அவன் முகம் வெளுத்துவிட்டது. பிள்ளையை வாங்கக் கை நீட்டினான்.

சத்யப்ரியா நாலு காலில் பின்வாங்கி, பரணுக்குக் கீழே மூலையில் பதுங்கினாள். பாப்பா அழவில்லை. காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, அவள் வாயில் தொங்கியபடி கண்ணை மூடித் தூங்கத் தொடங்கியது.