மேடாய் வரைந்த பள்ளம்

கட்டுப்போட்ட கையோடு ஒருவன் வந்து, நனைந்த வரைபடத்தை அவள் மேஜைமேல் விரித்தபோது அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சொட்டச் சொட்ட நின்றவன் மலைக்காட்டில் நில அளவை செய்பவனாம்... அவன் விரித்தது, அச்சுக்கு முன் நேரில் சரிபார்க்க அவள் அலுவலகம் அனுப்பிய நகல்.

"நீங்க மேடுன்னு வரைஞ்ச இடத்துல பள்ளம் இருக்குங்க... ஒரு மரம் மட்டும் தடுக்கலைன்னா நான் இங்க நின்னு பேசிட்டிருக்க மாட்டேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷமாக விமானப் படங்களைப் பார்த்து மலை வரைகிறாள். ஒரு கோடு பிசகியதில்லை. பனியில் வழி தவறிவிட்டு வரைபடத்தைக் குறை சொல்வதா என்று கேட்டே விட்டாள். அவன் சண்டைக்கு நிற்கவில்லை. இன்னொரு தடவை பார்க்கச் சொன்னான், அவ்வளவுதான். அந்தக் கண்கள் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை... அதுதான் அவளை என்னவோ செய்தது.

வீம்புக்காகவே அந்த இடத்தின் இரண்டு விமானப் படங்களையும், வரைந்த அன்று வைத்தபடியே, இரண்டையும் ஒன்றாக்கி மேடு பள்ளம் காட்டும் இரட்டைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். மேடு எழும்பி நின்றது. பிறகு படங்களின் ஓரத்து எண்களைப் படித்தாள். இடப்பக்கம் இருக்க வேண்டிய படம் வலப்பக்கம் இருந்தது. மாற்றி வைத்தாள். மேடு அப்படியே உள்ளே இறங்கி, அடி தெரியாத பள்ளத்தாக்காக வாய் பிளந்தது. ஐயோ... ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்திருக்கிறாள்.

சாயங்காலம் வரைபடம் அச்சுக்குப் போகிறது. கையெழுத்துப் போட்ட மேலதிகாரி அவள் அப்பா. மகள் வரைந்ததாயிற்றே என்று பார்க்காமலே போட்டவர். அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். சொன்னால் அவர் தலை குனிய வேண்டும்... சொல்லாவிட்டால் இன்னும் எத்தனை பேர் அங்கே நடப்பார்கள்?

அடுத்த அறைக்குப் போனாள். "அப்பா... நான் தப்பா வரைஞ்சுட்டேன்."

அவர் அச்சுக்குப் போகும் வரைபடத்தை எடுத்து விரித்தார். பிறகு தன் கையெழுத்தைத் தானே அடித்தார்.

திரும்பி வந்தபோது அவன் இன்னும் நின்றிருந்தான். அடிபட்டதைப் பற்றிய அறிக்கையில் என்ன எழுதினான் என்று கேட்டாள். தன் கவனக்குறைவால் கால் இடறியது என்று மட்டும் எழுதியிருக்கிறானாம். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏங்க அப்படி எழுதினீங்க?"

"மூணு வருஷமா நீங்க போட்ட கோடுகளப் பாத்துத்தான் நடக்கறேன். ஓரத்துல வரைஞ்சவங்க போடற அந்தக் குட்டிக் கையெழுத்து... அது யாருன்னு பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. உங்களைக் காட்டிக் குடுக்க மனசு வரல."

அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "இனிமேலும் நான் வரைஞ்சத நம்பி நடப்பீங்களா?"

"நீங்களும் கூட வந்தா..."

அவள் அவன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். "வர்றேன். ஆனா முன்னால நான்தான் நடப்பேன்."