உரிமையாளரின் ஒப்புதல்

மாலை நான்கு பத்துக்கு ஒதிலியா காரைக் கிளப்பினாள். திரை விழித்தது. வரைபடத்தில் அவள் கணவன் கிரிகோரேயின் போனைக் காட்டும் நீலப் புள்ளி இடம் மாறியிருந்தது.

இரண்டு நாள் முன்பு பார்த்தபோது அது இத்தாலியில், தோரினோவில் இருந்தது. ஆகஸ்ட்டிலிருந்து அங்கேதான் இருந்தது. பகலில் கட்டட வேலை நடக்கும் தெருவில், இரவில் ஆறு பேர் தங்கும் அறையில். இப்போது திஹுத்சா மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர்.

கார் அவன் வாங்கியது. இத்தாலியிலிருந்து ஓட்டிவந்து முற்றத்தில் நிறுத்தினான். "இது எங்க போனாலும் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் திரும்பிப் போனான். போவதற்கு முந்தைய நாள் அவளுடைய ஸ்மார்ட்போனை அடுப்புக் கல்லில் அடித்து உடைத்திருந்தான்.

காருக்கென்று சொந்தமாக ஒரு சிம் இருந்தது. போன் இல்லாமலே அது வழி சொல்லும், பாட்டுப் போடும், மழை வருமா என்று சொல்லும், அழைப்புகளை எடுக்கும். அம்மாவோடு பேசவேண்டுமென்றால் ஒதிலியா முற்றத்தில் நிற்கும் காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். பக்கத்து வீட்டு லியோந்தினா வேலிக்கு மேலே தலையை நீட்டுவாள்.

"என்னடி, புருஷன் பத்தலைன்னு காரைக் கட்டிக்கிட்டியா?"

"இது அடிக்காதுக்கா."

காரின் கணக்கு அவன் பெயரில். ஆனால் அவன் அவளைப் பார்க்க முடியும் என்றால் அவளும் அவனைப் பார்க்க முடியும். அதை அவன் யோசிக்கவில்லை. புள்ளி தோரினோவில் இருக்கும்வரை, அவன் அங்கிருந்து வந்துசேர ஆகும் பத்தொன்பது மணி நேரம் அவளுடையது. அதை நம்பித்தான் இன்றைய நாளைக் குறித்திருந்தாள். இரண்டு பைகள், குழந்தை இலிங்கா, யாஷ் நகரில் ஒரு தோழியின் அறை.

இப்போது பத்தொன்பது மணி நேரம் இல்லை. முக்கால் மணி நேரம். சொல்லாமல் கிளம்பி வந்திருக்கிறான்.

இலிங்கா பின்னிருக்கையில் தூங்கிவிட்டாள். ஒதிலியா கிழக்கே திரும்பினாள்.

மழை நின்று வெகுநேரம் ஆகியும் ஊசியிலை மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. மர அறுவைக் கொட்டில்களிலிருந்து நனைந்த தூளின் புளித்த வாசம் மூடிய கண்ணாடியையும் தாண்டி உள்ளே வந்தது. நவம்பரின் வெளிச்சம் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மேல்நோக்கி வடிந்து, கடைசியில் மலையுச்சியில் ஒரு சாம்பல் கோடாக மட்டும் மிஞ்சி, அதையும் மூடுபனி அழித்தது. திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது.

புள்ளி எங்கும் நிற்கவில்லை. கிரிகோரே மணிக்கு ஒருமுறை சிகரெட்டுக்கு நிறுத்துகிறவன்.

மெஸ்தெகனீஷ் கணவாயின் அடிவாரத்தில் அழைப்பு வந்தது. அவுரிகா, கிரிகோரேயின் தங்கை.

"அண்ணி, எங்க இருக்கீங்க?"

ஒதிலியா திரையில் புள்ளியைப் பார்த்தாள்.

"காலையிலேர்ந்து காருக்கு அடிக்கிறேன். நீங்க வண்டியில ஏறுனாத்தானே கேட்கும். அண்ணி... அண்ணன் போயிட்டாரு. போன வாரம், செவ்வாய்க்கிழமை. சாரத்துலேர்ந்து விழுந்து. அந்த முதலாளி நேத்துதான் வாயைத் திறந்தான்."

வைப்பர் ஒருமுறை போய் வந்தது.

"அப்ப வர்றது யாரு?"

"என்ன?"

"திஹுத்சாவுல. அவன் புள்ளி."

"பெட்டி, அண்ணி. வேன்ல கொண்டு வர்றாங்க. கூட வேலை செஞ்சவங்க போனையும் கோட்டுப் பையில வச்சு அனுப்பியிருக்காங்க. அவரு அதை விடவே மாட்டாராமே." அவுரிகா மூக்கை உறிஞ்சினாள். "நான் தோர்னா டவுன்ல பூ வாங்கிக்கிட்டு இருக்கேன். நீங்க போய் கேட்டைத் திறந்து வையுங்க. பொண்டாட்டி வாசல்ல நிக்காம மனுஷன் எப்படி வீட்டுக்குள்ள வருவாரு?"

ஒதிலியா இணைப்பைத் துண்டித்தாள்.

ஒன்பது நாளாக அவன் கூப்பிடவில்லை. அதை வரமென்று நினைத்திருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிறன்று, தேவாலயத்தில் பாதிரியாரிடம் சீட்டுக் கொடுத்தாள். எல்லோரும் கொடுக்கிற சீட்டுதான். இடப்பக்கம் உயிரோடிருப்பவர்களின் பெயர்கள், வலப்பக்கம் இறந்தவர்களின் பெயர்கள். அவர் இரண்டையும் உரக்கப் படித்து வேண்டிக்கொள்வார். இடப்பக்கம் இலிங்கா என்று எழுதினாள். தன் பெயரை எழுதினாள். வலப்பக்கம் கிரிகோரே என்று எழுதினாள். அந்த ஊரில் அவளுக்கு முன்பும் பெண்கள் அப்படி எழுதியிருக்கிறார்கள். அப்படி எழுதினால் ஆள் போய்விடுவான் என்று நம்பிக்கை; யாரும் வெளியே சொல்வதில்லை. பாதிரியார் நிமிராமல் படித்தார். அவன் நினைவு நிலைக்கட்டும் என்று சபை மூன்று முறை பாடியது. லியோந்தினாவும் பாடினாள், பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒதிலியா காரைத் திருப்பவில்லை. கணவாயில் மூடுபனி இறங்கியிருந்தது; கார் ஊர்ந்துதான் ஏறியது.

வீட்டுக்குத்தான் வருகிறான், என்னிடம் இல்லை என்று சொல்லிக்கொண்டாள். ஸ்டியரிங்கில் விரல்கள் தளர்ந்தன. சிரிப்புக்கூட வந்தது, சின்னதாக. இனி ஓட வேண்டியதில்லை. இருந்தாலும் போகலாம். யாஷில் அறை இருக்கிறது.

புள்ளி அவர்களுடைய கிராமத்துக்குப் பிரியும் முனையை அடைந்தது.

பிரியவில்லை. நேரே வந்தது.

பாதை தெரியாத ஓட்டுநர், திரும்பிவிடுவான் என்று நினைத்தாள். ஒரு வளைவு. இன்னொரு வளைவு. புள்ளி திரும்பவில்லை. கணவாயில் ஏறத் தொடங்கியது.

கால் மணி நேரத்தில் அவுரிகா மறுபடி அழைத்தாள்.

"அண்ணி, பெட்டி வந்துடுச்சு. இறக்கி மூடியையும் திறந்தாச்சு. கேட்டை நானே திறந்தேன். எங்கதான் இருக்கீங்க? ஊரே கேட்குது."

"அவுரிகா. அவன் போன் எங்க?"

"இப்ப எதுக்கு அது?"

"கோட்டுப் பையில பாரு."

துணி சரசரக்கும் சத்தம். யாரோ பின்னால் செபித்துக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கு. செத்துக் கிடக்கு, அண்ணி. சார்ஜே இல்ல."

புள்ளி நான்கு கிலோமீட்டரில் இருந்தது.

இணைப்பு தானாக அறுந்தது. கணவாயில் அது வழக்கம். ஒதிலியா ஒரு கையால் திரையைத் தொட்டாள். குடும்பம். இருப்பிடப் பகிர்வு. நிறுத்து. இந்தப் பொத்தானை அவள் இதுவரை தொட்டதில்லை. தொட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

உரிமையாளரின் கைபேசிக்கு ஒப்புதல் கேட்டுச் செய்தி அனுப்பப்பட்டது என்று எழுத்து வந்தது. அதன் கீழே ஒரு வட்டம் சுழன்றது.

இரண்டு கிலோமீட்டர்.

வட்டம் நின்றது.

உரிமையாளர் மறுத்துவிட்டார்.

அவள் வேகத்தைக் கூட்டினாள். மூடுபனி முகப்பு விளக்குகளை அவள் மீதே திருப்பி அடித்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் விளக்கு இல்லை. எஞ்சின் சத்தம் இல்லை. மரங்கள் சொட்டும் சத்தம்கூட இல்லை.

மறுபடி அழுத்தினாள்.

மறுத்துவிட்டார்.

ஒரு கிலோமீட்டர். நானூறு மீட்டர். பாதையில் யாருமில்லை. நூறு. யாருமில்லை.

நீலப் புள்ளி காரின் அம்புக்குறியைத் தொட்டது. அதன் மேல் ஏறியது. நின்றது.

காரின் பின்பக்கம் மெல்ல அமிழ்ந்தது. கனத்த ஆள் ஒருவர் ஏறி உட்கார்ந்தால் அமிழுமே, அப்படி. ஈரச் சுண்ணாம்பு வாசம் வந்தது. பிறகு குளிர்.

உள்பக்கக் கண்ணாடியை அவள் பார்க்கவில்லை. பார்க்காமலே அதன் ஓரத்தில் இலிங்காவின் தலை தெரிந்தது. இதுவரை ஒவ்வொரு வளைவிலும் அந்தத் தலை கதவுப் பக்கம் சரிந்து வந்தது. இந்த வளைவில் சரியவில்லை. காலியான நடு இருக்கையின் பக்கம் சாய்ந்து, காற்றில், எதன் மீதோ பதிந்து, அசையாமல் இருந்தது. குழந்தையின் நெற்றி முடியை ஏதோ மெதுவாக ஒதுக்கிவிட்டது.

ஒதிலியா இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். வேகம் தானாகக் குறைந்தது. பதினோரு வருடமாக அவனிடம் கேட்டுப் பழகிய குரலில், வீட்டில் கேட்கும் அதே தாழ்ந்த குரலில், பாதையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கிரிகோரே, கோவமா இருக்கியா?"