உம் கொட்டாதீங்க!

அப்பாவின் குரலுக்கு விலை, அரை நாள் கேமரா வாடகை. அதையும் பேரம் பேசிக் குறைத்துத்தான் முடித்திருந்தாள் துணிக்கடைக்காரரின் மகள். நாளைக் காலை அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். அதன்பின் குரல் மிஞ்சுமா என்பதற்கு டாக்டரே பிடிகொடுக்கவில்லை. இன்று பதிந்தால்தான் உண்டு.

வரவேண்டிய கேமராக்காரருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக, மழையில் தொப்பலாக நனைந்த ஒருவன் வந்து நின்றான். வந்ததும் வராததுமாக ஃபேனை நிறுத்தினான், ஃப்ரிட்ஜை அணைத்தான், கண்ணாடி ஜன்னலைச் சாத்தினான்.

"வீட்டையே பூட்டிடுவீங்க போலிருக்கே?"

"மழை சத்தம் மைக்ல விழும், மேடம்."

நிமிர்ந்தான். ஈர இமைகளுக்குள் அப்படி ஒரு நிதானமான பார்வை... அவளுக்கு ஏனோ எரிச்சலாக வந்தது.

ஜன்னல் வெளிச்சம் முகத்தில் பக்கவாட்டில் விழும்படி அப்பாவை உட்காரவைத்து, சட்டையில் குட்டி மைக்கைக் குத்தினான். அப்பா கடைக்கதையை ஆரம்பித்தார். அவள் வழக்கம்போல, "உம்... உம்..."

அவன் ஹெட்ஃபோனைக் கழற்றினான். "உம் கொட்டாதீங்க."

"கொட்டலைன்னா அப்பாவுக்குப் பேச்சே வராது."

வரவில்லைதான். இரண்டு வாக்கியம் பேசிவிட்டு, "என்னம்மா, தூங்கிட்டியா?" என்றார். இருமல் பிடித்துக்கொண்டது. குரல் இன்னும் கம்மியது.

"உங்க மெஷினுக்காக எங்கப்பா வாயடைச்சுப் போகணுமா? இருக்கிற குரலும் வீணாகுது!"

அதுவரை பதிந்ததை ஓடவிட்டு, ஹெட்ஃபோனை அவள் காதில் வைத்தான். அப்பாவின் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் அவளுடைய "உம்" ஏறி உட்கார்ந்திருந்தது. அவர் குரல் குழைந்து இறங்கும் இடமெல்லாம் அதற்கடியில் நசுங்கிக் கிடந்தது. அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

"பின்னால பிரிச்செடுக்க முடியாது," என்றான் மெதுவாக. "எங்கப்பா குரல் என்கிட்ட இல்லீங்க... அதான் இவ்வளவு கெடுபிடி. லென்ஸ் பக்கத்துல வந்து உக்காருங்க. கண்ணால உம் கொட்டுங்க."

அவன் தோளருகே உட்கார்ந்து, இமைகளைத் தாழ்த்தி உயர்த்தினாள். அப்பாவுக்குப் பேச்சு ஓடி வந்தது.

"இவ பொறந்த அன்னைக்குக் கடையைச் சாத்திட்டேன். பெரிய ஆர்டரோட வந்தவங்களையே திருப்பி அனுப்பினேன். கைவிட்டுப் போன வியாபாரத்துல அது ஒண்ணுக்குத்தான் நான் வருத்தப்பட்டதே இல்ல..."

அவள் கண் நிறைந்தது. சத்தம் வரவில்லை. பக்கத்தில் அவனும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான்.

"இப்ப அரை நிமிஷம் யாரும் பேசாதீங்க. ரூமோட வெறும் சத்தம் தனியா வேணும், எடிட்டிங்ல ஒட்டுப்போட," என்றான்.

அரை நிமிடம் நீண்டுகொண்டே போயிற்று... கேமராவின் சிவப்பு விளக்கை அணைக்க அவனுக்குத் தோன்றவே இல்லை.

"கோபத்துல ஏதோ பேசிட்டேன்..." என்றாள்.

"நானும் ஒண்ணு ஒத்துக்கணும். அப்பா மேல இருக்கவேண்டிய கண்ணு ரெண்டு தடவை உங்க பக்கம் வந்துடுச்சு. பிடிச்சுப்போச்சுங்க..."

"ரெண்டே தடவையா? எனக்கு... அதைவிட அதிகம்."

"எதிர்ல ஒருத்தன் உக்காந்திருக்கேன்னு ரெண்டு பேருக்கும் மறந்துபோச்சே!" கரகரத்த குரலில் கணக்கைக் கூட்டினார் கடைக்காரர். "தம்பி உன்னைப் பார்த்தது நாலு. நீ பார்த்தது ஆறு. ரெண்டு பாக்கி, தம்பி தரணும்."