பல்லிக்குப் புது முகம்

"ஐயோ... அண்ணன்...!"

மேக்கப் பெண்ணின் அலறலில் ஸ்டூடியோவின் மாடியே அதிர்ந்தது.

ஓடி வந்தவர்கள் வாசலிலேயே உறைந்து நின்றார்கள்.

பதினெட்டுப் படங்களில் 'ஏஜென்ட் பல்லி'யாகச் சுவரேறி உலகத்தைக் காப்பாற்றிய பழைய ஹீரோ, மேக்கப் மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார்.

தலையில் விக் இல்லை.

முதுகில் கத்தி இருந்தது!

"ரப்பர் கத்தியாத்தான் இருக்கும்..." என்றார் தயாரிப்பாளர், நம்பிக்கையோடு.

இல்லை.

இன்ஸ்பெக்டர் அம்மாள் ஏட்டுடன் வந்து இறங்கியபோது, வாசலில் பத்திரிகைக்காரர்கள் மொய்த்துக் கொண்டிருந்தார்கள்.

"என்ன சார் இவ்வளவு கூட்டம்? கொலைக்கு முன்னாடியே தகவல் சொல்லிட்டீங்களா?"

"ஐயோ மேடம்!" என்று பதறினார் தயாரிப்பாளர். "இன்னிக்குப் புதுப் பல்லி அறிமுகம். பழைய பல்லிக்கு மூட்டு வலி. சுவர் ஏறச் சொன்னா லிஃப்ட் கேக்கறார். அதான், புது ஹீரோவை வச்சு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறோம். அண்ணன் தன் கையால பல்லியோட கோட்டை அவருக்குப் போட்டு விடறதா ஏற்பாடு."

"புது ஹீரோவை யார் தேர்ந்தெடுத்தது?"

"அண்ணனேதான்."

புது ஹீரோ சோபாவில் விசும்பிக் கொண்டிருந்தான். பற்பசை விளம்பரத்திலிருந்து வந்தவன். ஸ்டூடியோவில் அவனுக்கு 'டூத்பேஸ்ட்' என்றே பெயர்.

ஏட்டு ஒரு சாம்பல் நிறக் கோட்டை நீட்டினார். கோட்டின் கையில் ரத்தக்கறை!

"படிக்கட்டுக்கு அடியில கிடந்துச்சு மேடம். இவருக்குன்னு அளவெடுத்துத் தைச்சதாம்."

"கொலை நடந்தப்போ எங்கய்யா இருந்தே?"

"பாத்ரூம்ல மேடம்... சிரிச்சுப் பழகிட்டிருந்தேன்."

"சாட்சி?"

"கண்ணாடிதான்..."

"அது கோர்ட்டுக்கு வராதே!"

"மேடம்... என்னைத் தூக்குல போட்ருவாங்களா?"

அந்த நேரம் பார்த்து, ஏட்டு செல்போனை எடுத்து அறையைப் படம் பிடித்தார்.

க்ளிக்!

அழுகை நின்றது. மோவாய் உயர்ந்தது. அத்தனை பற்களும் பளீரென்று வெளியே வந்தன.

"ச்சே... பழக்கம் மேடம்." மறுபடி அழ ஆரம்பித்தான்.

"கண்காணிப்பு கேமராவைப் பார்த்துடலாமே மேடம்?" என்று வாசலிலிருந்து ஒரு குரல்.

அகன்ற தோள்களோடு ஒரு ஆள். யாரும் ஒரு தடவைக்கு மேல் பார்க்காத முகம்.

"இவர் யாரு?"

"நம்ம டூப் மேடம்" என்றார் தயாரிப்பாளர். "எல்லாரும் 'நிழல்'னு கூப்பிடுவோம். பதினெட்டுப் படத்துலயும் அண்ணனுக்காகத் தாண்டினது, விழுந்தது, தீயில குதிச்சது எல்லாம் இவர்தான்."

"அண்ணன் என்ன பண்ணார்?"

"எழுந்து தூசி தட்டுவார் மேடம். க்ளோசப்ல."

திரையில் தாழ்வாரம் விரிந்தது.

சாம்பல் கோட்டு அணிந்த ஒருவன் மேக்கப் அறைக்குள் போகிறான். சற்று நேரத்தில் வேகமாக வெளியே வருகிறான். குறுக்கே நின்ற சாமான் ட்ராலியை ஒரே தாவலில் தாண்டி மறைகிறான். முகம் எங்கேயும் தெரியவில்லை.

"கோட்டு இவனோடது. போதும் மேடம், விலங்கை மாட்டிடலாம்" என்றார் ஏட்டு.

"இருங்க. மறுபடி போடுங்க... அங்க நிறுத்துங்க! சுவரோரமா நிக்குதே, அது என்ன?"

"ஷூட்டிங் கேமரா" என்றார் தயாரிப்பாளர். "பழுதாகி உறை போட்டு நிறுத்தியிருக்கோம்."

"கண்காணிப்பு கேமராவுக்கு முகத்தை மறைக்கிறான். சரி, கொலைகாரன். ஆனா, உறை போட்டு மூடின கேமராவைக் கடக்கும்போதும் முகத்தைத் திருப்பிக்கிறானே... ஏன்?"

ஏட்டு திரையருகே குனிந்து பார்த்தார்.

"டூத்பேஸ்டா இருந்தா, அந்த உறைக்கும் சேர்த்துப் பல்லைக் காட்டியிருப்பார்! இது வேற ஆள். கேமராவைக் கண்டாலே கழுத்து தானா திரும்பற ஆள்."

நிழல் மெல்லச் சிரித்தார்.

"எதுலயும் என் முகம் இல்லையே மேடம்?"

"முகமே இல்லாததுதான் உங்க முகம்."

"கோர்ட்ல இதைச் சொன்னா சிரிப்பாங்க."

"வாஸ்தவம்தான்..." இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார். "அதோட, நீங்க பெரிய தொழில்காரர். இவன் ட்ராலியைத் தாண்டின லட்சணத்தைப் பாருங்க. இடது கை மேலேயே வரல. கால் இடிச்சிருக்கு. சுத்த கத்துக்குட்டி! ஏட்டய்யா, நீங்களே இதைவிட நல்லாத் தாண்டுவீங்க."

ஏட்டு தன் தொப்பையைத் தடவிக் கொண்டார்.

நிழலின் முகம் சிவந்தது.

"இடிக்கல!"

"இடிச்சுதே?"

"இடிக்கல மேடம்! பொடிப்பயலுக்குத் தைச்ச கோட்டு, இடது தோள்ல இறுக்கிப் பிடிக்குது! கை எப்படி மேல வரும்? அதைப் போட்டுக்கிட்டு அந்த ட்ராலியை வேற எவனாவது..."

நிறுத்தினார்.

ஆனால், தாமதமாகத்தான்.

"இவருக்குன்னு அளவெடுத்துத் தைச்ச கோட்டு, இன்னும் வேற யாரும் போட்டுப் பாக்கல. அது எங்க இறுக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

நிழல் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"'அடுத்த பல்லி நீதான்டா தம்பி'ன்னு ஒவ்வொரு படத்துக்கும் சொன்னார் மேடம். என் விலா எலும்பு, முழங்கால் எல்லாம் அவர் படத்துலதான் கிடக்கு. கடைசில இந்தப் பல்லைக் கைகாட்டிட்டார். ஏன்ணேன்னு கேட்டேன். கண்ணாடியைப் பாத்துக்கிட்டே சொன்னார்... 'உன் மூஞ்சியை யாருடா பாத்திருக்கா?'"

டூத்பேஸ்ட் நிம்மதிப் பெருமூச்சு விட்டான். உடனே தயாரிப்பாளர் காதில் கிசுகிசுத்தான்.

"சார்... அப்ப எனக்கு இனிமே யார் தாண்டுவா?"

விலங்கோடு நிழலை வெளியே கூட்டி வந்ததும், பத்திரிகைக்காரர்கள் பாய்ந்தார்கள்.

"சார், இங்க பாருங்க...! சார், இந்தப் பக்கம்...!"

ஃபிளாஷ்கள் வெடித்தன. அத்தனை கேமராவும் அவர் ஒருவரை நோக்கி!

அவர் கழுத்து, சொல்லி வைத்தது போல, மறுபக்கம் திரும்பிக் கொண்டது.

இன்ஸ்பெக்டர் ஜீப் கதவைத் திறந்து பிடித்தார்.

"இப்பவாவது திரும்பிப் பாருங்க சார்... இந்த சீனுக்கு டூப் கிடையாது!"